மூணு பின் பிளக்

லெமுவேல் பிராக்டனுக்கு அபிஷேகம் கிடைக்கவில்லை என்பது எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம், அவ்வளவுதான். பதினாலு வருஷமாகப் பிரசங்க மேடைக்குக் கீழே நாற்காலி போட்டு, ஸ்டீல் கித்தாரை மடியில் கிடத்தி வாசித்தவர். இடது கையிலிருக்கும் இரும்புக் கட்டையைக் கம்பிமேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால், முட்டி வலியென்று மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள்கூட எழுந்து ஆடுவார்கள். நானும் ஆடியிருக்கிறேன். தொப்பி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் போய்விடும், வீட்டுக்குக் கிளம்பும்போது யாராவது என் கைப்பையைத் தேடிக் கொண்டுவந்து தருவார்கள். இத்தனை பேரை ஆட வைத்த மனுஷர் மட்டும், கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி, எல்லாரும் சாப்பிட்டார்களா என்று பார்த்தபடி வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் மட்டும் போதாது. பரிசுத்த ஆவி இறங்கி உடம்பை ஆட்ட வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும். அந்த அபிஷேகம் கிடைக்காமல் செத்தால் என்ன கதி என்று பாஸ்டர் ரட்லெட்ஜ் வாரம் தவறாமல் சொல்வார். அவர் சொல்லும்போதெல்லாம் லெமுவேலின் மனைவி வெர்டெல் தலையைக் குனிந்து கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரிப்பாள். ஆரஞ்சு ஷெட்டில் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஓடுகிற பழத்தில் அழுகல் பொறுக்குகிற வேலை. பதினோரு வருஷம் எதிரெதிரே நின்றவர்களுக்குள் மறைக்க என்ன இருக்கிறது.

“நேத்தும் கேட்டேன் இடெல்லா” என்பாள், பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்னத்தக் கேட்ட?”

“அதான். அவருக்கு ஒரு தடவ. ஒரே ஒரு தடவ போதும்னு.”

“கேட்டுக்கிட்டே இரு. ஆண்டவரு என்ன செவிடா?”

“நான் மேல போயி, இவரு வராம இருந்தா, அங்க நான் யாரு கூட உக்காருவேன் சொல்லு.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

லெமுவேல் ஆரஞ்சு பறிக்கிறவர். ஏணிமேல் நின்று, தோளில் தொங்கும் கித்தான் பை நிறையப் பழம் பறித்து, இறங்கிக் கொட்டிவிட்டு மறுபடி ஏறுவார். நாளெல்லாம் முள் கீறின அந்தக் கைகள் ஞாயிற்றுக்கிழமை அப்படி வாசிக்கும் என்று பார்த்தால் நம்ப முடியாது. கித்தாரைவிட அவருக்கு அந்த ஆம்ப்ளிஃபையர்மேல்தான் உயிர். வால்வு போட்ட பழைய பெட்டி. சூடேறினால் பின்பக்கம் வால்வுகள் செம்மஞ்சளாக எரியும், சுட்ட தூசி வாசனை வரும். அந்தப் பெட்டி கடிக்கும். கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டால் சுரீரென்று இழுக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் கடிக்காது. அதற்காகப் பிளக்கில் ஒரு வெள்ளைப் புள்ளியும், சபைச் சுவரில் சாக்கெட் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியும் பெயிண்டால் வைத்திருந்தார். புள்ளியும் புள்ளியும் ஒரே பக்கம் இருந்தால் சரி. சொருகின பிறகு விரலை நாக்கில் நனைத்து, விரலின் முதுகால் கம்பியைத் தட்டிப் பார்ப்பார். இதுதான் அவருடைய பாதுகாப்பு எல்லாம்.

வெர்டெலின் அண்ணன் சீஃபஸ் டோலிவர் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்கிறவன். சபைக்கு வர மாட்டான், வந்தாலும் பாஸ்டர் விட மாட்டார். ஒருமுறை ஒரு சிஸ்டருக்கு ஆவி இறங்கி அவள் தரையில் கிடந்தபோது, வலிப்பென்று நினைத்து ஒரு ஜாடித் தண்ணீரை அவள் முகத்தில் ஊற்றிவிட்டான். அந்த சிஸ்டர் நான்தான். ஒரு மாசம் அவனோடு பேசவில்லை. பிறகு என் ரேடியோ கெட்டுப்போனது, பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

சீஃபஸ் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான்.

“ஏன்யா, இன்னொரு கைய வாடகைக்கு விட்டுட்டியா?” என்று கேட்டேன்.

“ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா கரண்டு ஒரு கை வழியா ஏறி, நெஞ்சத் தாண்டி, இன்னொரு கை வழியா இறங்கும் சிஸ்டர். பையில இருக்கிற கை பத்திரமான கை.”

மார்ச் மாசம் ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவைத் திரும்ப வாங்க நான் அவன் கடைக்குப் போயிருந்த சமயம் லெமுவேல் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“மச்சான், இப்ப ரொம்பக் கடிக்குது. போன ஞாயித்துக்கெழம பல்லு வரைக்கும் போச்சு.”

சீஃபஸ் பின்பலகையைக் கழற்றி, மெழுகு பூசின ஒரு சின்ன உருளையை ஸ்க்ரூடிரைவரால் தொட்டுக் காட்டினான். “இந்தக் கண்டென்சரப் பாத்தியா? வீட்டுக் கரண்டுக்கும் இந்தத் தகரத் தட்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கு. இது உசுரோட இருக்கிற வரைக்கும் உன்ன சும்மா கிள்ளும். செத்துச்சுன்னா கரண்டு நேரா தட்டுக்கு வரும். தட்டுலேர்ந்து ஒயரு, ஒயர்லேர்ந்து கம்பி, கம்பியிலேர்ந்து நீ. வெட்டி எறிஞ்சிரவா? ரெண்டு நிமிஷ வேல.”

“எறியாத. சத்தம் போயிரும்.”

“இதுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லடா.”

“போன தடவ ஒரு வால்வ மாத்துன. அன்னிலேர்ந்து மேல போனா அழ மாட்டேங்குது, மூக்கச் சிந்துது.”

“அது உன் காதுல கோளாறு.”

“என் காதுதான் மச்சான் வாசிக்குது. கை சும்மா ஒத்தாசைக்கு.”

சீஃபஸ் என்னைப் பார்த்தான். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். கடைசியில் அவனே இறங்கி வந்தான். உள்ளே எதையும் தொடவில்லை. பழைய ரெண்டு பின் ஒயரைக் கழற்றிவிட்டு, கெட்டியான மூணு பின் ஒயர் போட்டான்.

“இந்த மூணாவது பின் எர்த். உள்ள எது செத்தாலும் கரண்டு மண்ணுக்குப் போயிரும், ஃபியூஸ் போயிரும், உன்கிட்ட வராது. ஆனா உங்க சபையில எல்லாம் ரெண்டு ஓட்ட சாக்கெட்டு. நான் வந்து மாத்தி, மண்ணுக்கு ஒரு கம்பி இறக்கித் தரேன்.”

“நீ உள்ள வந்தா கூர தாங்குமா?”

“பாஸ்டர்கிட்ட கேளு.”

லெமுவேல் கேட்டார். என்மேல் தண்ணீர் ஊற்றின கை தேவனுடைய வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது லெமுவேல் முற்றத்தில் வேலி கட்டுகிற கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்திருந்தார். “சிஸ்டர், இத ஆடாமப் புடிங்க” என்று பிளக்கை என் கையில் கொடுத்தார். பிடித்தேன். மூணாவது பின்னைப் பிளேயரின் வாயில் வைத்து அழுத்தினார்.

“என்ன பிரதர், பிளக்குக்கு நுனி வெட்டி விருத்தசேதனமா?” என்றேன்.

சிரிப்பு தாங்காமல் பிளேயரைக் கீழே வைத்துவிட்டார். சிரித்து முடித்துத்தான் வெட்டினார். மச்சானிடம் சொல்ல வேண்டாம் என்றார், நானும் சொல்லவில்லை. வெள்ளைப் புள்ளியைப் புதுப் பிளக்கிலும் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை கால் கழுவும் ஆராதனை. கடைசிப் பழமும் இறங்கி ஷெட் பூட்டியாகிவிட்டது. மத்தியானமானால் வானம் இருட்டிக்கொண்டு தினமும் மழை. சபையின் ஆண்டு விழாவும் சேர்ந்து வந்ததால் அந்த வாரம் டீக்கன்மார் உள்சுவர் முழுக்க இளநீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். லெமுவேல் சாக்கெட் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுவரைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். புள்ளி போயிருந்தது. யோசித்து ஒரு பக்கமாகச் சொருகினார். விரலை நனைத்துக் கம்பியைத் தட்டினார். “கடிக்கல சிஸ்டர்” என்றார். அவர் காலில் ரப்பர் அடி வைத்த ஷூ இருந்தது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை, அவரும்தான் யோசிக்கவில்லை.

பிரசங்கம் முடிந்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் வட்டமாக உட்கார்ந்தோம். வாளியும் அகலப் பாத்திரமும் துண்டும் கை மாறின. நான் வெர்டெலின் கால்களைக் கழுவினேன். குதிகால் முழுக்க ஷெட்டில் நின்று நின்று வந்த வெடிப்பு. அவள் என் கால்களைக் கழுவும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது, யாருக்காக என்று கேட்கத் தேவையில்லை. சிமென்ட் தரையெல்லாம் தண்ணீர். அதற்குள் யாரோ பாட்டை எடுத்துவிட்டார்கள். கித்தார் இல்லாமல் பாட்டு தடுமாறியது. பாஸ்டர் கையை ஆட்டி லெமுவேலைக் கூப்பிட்டார். அவர் ஈரக்காலோடு, ஷூவை விட்டுவிட்டு ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, கட்டையைக் கம்பிமேல் வைத்தார்.

கித்தார் ஊளையிட்டது. அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னால் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததில்லை. லெமுவேலின் தலை பின்னால் போனது. தோள்கள் ஆடின, முழங்கால் ஆடியது, வாய் திறந்து சொல் இல்லாமல் ஒரு முனகல் வந்தது. கட்டை கம்பியோடு ஒட்டிக்கொண்டு நடுங்க நடுங்கச் சத்தமும் நடுங்கியது.

“இறங்கிட்டாரு” என்று ஒரு கிழவி சொன்னாள். அவ்வளவுதான், சபையே எழுந்துவிட்டது. பதினாலு வருஷம் காத்திருந்தது அவர்கள் வீடு மட்டுமில்லை, நாங்களும்தான். ஆவி இறங்கினவரை யாரும் தொடக் கூடாது, நிறுத்தக் கூடாது. சுற்றி நின்று கையைக் கோத்துக்கொண்டு பாட வேண்டும், அதுதான் எங்கள் முறை. நாங்கள் கோத்துக்கொண்டோம். நான் கண்ணீர் விட்டுப் பாடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை.

ஆராதனைக்குப் பிறகு மீன் சாப்பாடு என்று சீஃபஸ் மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்றிருந்தான். அவன் தொப்பியைக் கீழே போட்டுவிட்டு நடுவழியில் ஓடிவந்தான். வெர்டெல் குறுக்கே போய் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“விடு, அது கரண்டு.”

“வேண்டாம்ண்ணே. இன்னிக்கு வேண்டாம். இடெல்லாவுக்குப் பண்ணின மாதிரி இவருக்குப் பண்ணாத.”

“வெர்டெல், செத்துருவான், விடு.”

“பதினாலு வருஷம்ண்ணே. உன் கால்ல விழறேன், அவர விட்டுரு.”

சிரித்துக்கொண்டே அழுதாள். இன்னும் இரண்டு சிஸ்டர்கள் வந்து சீஃபஸின் தோளைப் பிடித்தார்கள். அவன் கத்தினது எதுவும் பாட்டில் கேட்கவில்லை. கடைசியில் தங்கச்சியைக் கீழே தள்ளிவிட்டு வந்து பிளக்கைப் பிடுங்கினான். கித்தார் நின்றது. லெமுவேல் பக்கவாட்டில் சரிந்தார். ஆவியில் விழுந்தவர்மேல் போர்த்துகிற வெள்ளைத் துணியை ஒரு டீக்கன் கொண்டுவந்து அவர்மேல் போர்த்தினார். சீஃபஸ் அதை இழுத்து எறிந்துவிட்டு நெஞ்சில் காதை வைத்தான். பிறகு குத்தினான், வாயில் ஊதினான். ரொம்ப நேரம் ஊதினான். எழுந்து, தரையில் கிடந்த பிளக்கை எடுத்தான். வெட்டுப்பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் நெஞ்சு நின்றுபோனதாக எழுதிக் கொடுத்தார். புதன்கிழமை அடக்கம். ஒரு மனுஷனுக்கு இதைவிட நல்ல சாவு உண்டா, கேட்டதைப் பெற்றுக்கொண்டு அந்த நிமிஷமே கொடுத்தவரிடம் போய்விட்டார் என்று பாஸ்டர் சொன்னார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. வெர்டெல் மட்டும் சொல்லவில்லை. கல்லறையிலிருந்து திரும்பி வீட்டின் பின்படியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அவள் வயிற்றில் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை.

“அண்ணே, பெட்டியப் பாத்தியா?”

“பாத்தேன். சபையிலயே மீட்டர் வச்சுப் பாத்தேன்.”

“கரண்டா?”

சீஃபஸ் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். “இல்ல” என்றான். “பெட்டியில ஒண்ணுமில்ல. நான்தான் பயந்துட்டேன். நெஞ்சுதான் நின்னுருக்கு.”

“நெசமாவா?”

“நான் ஒனக்குப் பொய் சொல்லுவேனா?”

அவள் எழுந்து உள்ளே போனாள். நான் போட்டுக் கொடுத்த சோறும் தட்டைப்பயறும் ரெண்டு துண்டு வறுத்த மீனும் முழுசாகச் சாப்பிட்டாள். சோள ரொட்டியால் தட்டைத் துடைத்தும் சாப்பிட்டாள். அன்றைக்கு சீஃபஸ் எந்தக் கோயிலுக்கும் போகாதவனாக இருந்தாலும், அவன் காலை நான் கழுவியிருப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் வெர்டெலின் சமையலறையில் உட்கார்ந்து ஊதாத் தோல் தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடி வந்த சீஃபஸ் உட்காரவில்லை.

“அந்தப் பெட்டிய ஒரு நாள் குடு வெர்டெல். தூசி தட்டித் தரேன்.”

“எதுக்கு? நீதான ஒண்ணுமில்லன்ன.”

“பழசு. ஒரு தடவ தொறந்து பாத்துட்டா நல்லது.”

“அவரு கை கடைசியா பட்டது அது. ஒரு ஸ்க்ரூவும் திருப்பக் கூடாதுன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு. நாளைக்கு டெல்மஸ் வாசிக்கிறான்.”

டெல்மஸ் அவர்கள் பையன். இருபத்திரண்டு வயசு, ஜூஸ் பாக்டரியில் வேலை, அப்பாவிடம் வாசிக்கக் கற்றவன். இத்தனை வருஷம் கூட்டிப்போனாலும் பின்வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவன், அப்பாவுக்கு இறங்கினதைப் பார்த்த பிறகு தானாகவே போய் அபிஷேகம் கேட்டு முழங்காலிட்டிருந்தான். அதைச் சொல்லும்போது வெர்டெலின் முகத்தில் ஒரு வெளிச்சம். “அவரு போயும் எனக்கு ஒருத்தனக் குடுத்துட்டுப் போயிருக்காருண்ணே” என்றாள்.

“வேற பெட்டி நான் தரேன். என் கடையில ஒண்ணு நல்லதா இருக்கு.”

“வேற பெட்டியிலயா அவருக்கு இறங்குச்சு?”

சீஃபஸ் என்னைப் பார்த்தான். நான் பயறைப் பார்த்தேன். அப்போது முன் வராந்தாவிலிருந்து டெல்மஸின் குரல் வந்தது. அங்கே சிமென்ட் தரை, சாரல் அடித்து நனைந்திருந்தது, அவன் பாக்டரி பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டிருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன்.

“மாமா, புள்ளிய எந்தப் பக்கம் வச்சு சொருகணும்?”

“சொருகாத” என்றான் சீஃபஸ்.

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் வெர்டெலின் கை பயறுத்தோலில் நின்றுவிட்டது.

“ஏன்?”

சீஃபஸ் வராந்தா பக்கம் ஓர் அடி வைத்தான்.

“ஒண்ணுமில்லாத பெட்டிய ஏன் சொருகக் கூடாது?”

“வெர்டெல்.”

“சொல்லு.”

“கண்டென்சரு செத்துக் கெடக்கு. நான் போட்ட எர்த் பின்ன லெமுவேல் வெட்டி வச்சிருக்கான். கம்பி முழுக்கக் கரண்டு. இவன் ஈரக்காலோட நிக்கிறான்.”

டெல்மஸ் பிளக்கைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலுக்கு வந்து நின்றான். ஒயர் அவன் பின்னால் இழுபட்டுக் கிடந்தது.

“அப்ப எங்கிட்டப் பொய் சொன்ன” என்றாள் வெர்டெல்.

“சொன்னேன்.”

“என்ன சாப்பிட வச்ச.”

“ஆமா.”

“அன்னிக்கு நான் உன்ன விட்டிருந்தா?”

சீஃபஸ் தரையைப் பார்த்தான்.

“விட்டிருந்தா சொல்லு.”

“ஆறடிதான் இருந்துச்சு பிளக்குக்கு.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “எவ்வளவு நேரம் புடிச்சிருந்தேன் இடெல்லா? நீ பக்கத்துல நின்ன.”

ஒரு நொடி என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சீஃபஸ் சொன்ன பொய்யால் என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

“பல்லவிய மூணு தடவ பாடினோம்” என்றேன்.

வெர்டெல் மடியிலிருந்த பயறுப் பாத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரல்கள் ஊதா நிறமாகக் கறைபட்டிருந்தன. அவற்றை விரித்து வைத்துப் பார்த்தாள். டெல்மஸ் “அம்மா” என்றான்.

“அப்ப அவருக்கு எதுவும் இறங்கல” என்றாள். “வாங்காமலே போயிட்டாரு. இனிமே கேக்கவும் முடியாது.”